ஸ்காபரோவில் ஓர் அம்மா படித்த மலாய்

2009-ஆம் ஆண்டின் தொடக்கம். டொரொன்டோவில், ஸ்காபரோ பகுதியில் உள்ள ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலைகளில் நான் மலாய் மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பள்ளியில் மலாய் ஆசிரியையாக இருந்தேன். கணவரின் வேலைக்காகக் கனடாவுக்கு வந்த பிறகு என் படிப்பை இங்கே கேட்பாரில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நூலகத்தில் பேசி ஓர் அறை வாங்கினேன். "இந்தக் குளிருல மலாய் படிக்க யாரு வரப்போறா?" என்று என் கணவர் சிரித்தார். ஆனால் வந்தார்கள். ஓய்வுக்காலத்தைப் பினாங்கில் கழிக்க ஆசைப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கோலாலம்பூரில் வேலை கிடைத்திருந்த, கனடாவிலேயே பிறந்த ஒரு தமிழ்ப் பெண். கூட்டம் அவ்வளவுதான், ஆனாலும் கலகலப்பாகத்தான் இருந்தது.

வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்து ஒரு நாள், பனி ஒட்டிய பூட்ஸைக் கதவருகே தட்டிவிட்டுக்கொண்டு ஒரு பெண்மணி உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும். தடித்த கோட்டுக்குள்ளே தொழிற்சாலைச் சீருடை. தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக் கழற்றக்கூட மறந்திருந்தார். அறை முழுக்கப் புதிதாகச் சுட்ட ரொட்டியின் வாசம் பரவியது. வழி தவறி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"இது மலாய் கிளாஸுங்க" என்றேன்.

"தெரியும் ரீச்சர். மலாய் படிக்கத்தான் வந்தனான்" என்று சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

மற்ற எல்லோருக்கும் கொடுப்பதைப் போலவே அவருக்கும் அன்றாட வாக்கியங்கள் அச்சிட்ட தாள்களைக் கொடுத்தேன். கடையில் விலை கேட்பது, வழி கேட்பது, நலம் விசாரிப்பது. இரண்டு வாரம் பொறுமையாக வாங்கிக்கொண்டார். மூன்றாவது வாரம் தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டார்.

"ரீச்சர், உந்த வசனங்கள் எனக்குக் காணாது. வசனம் கட்டுற விதத்தைச் சொல்லித் தாங்கோ."

"முதல்ல நாலு வாக்கியம் வாயில வரட்டும். இலக்கணம் அப்புறம் தானா வரும்" என்றேன்.

"இல்லை ரீச்சர். நான் கதைக்கப்போற ஆள் என்ன கேக்கும் எண்டு எனக்குத் தெரியாது. பாடமாக்கின வசனம் முடிஞ்சு போனா, பிறகு நான் என்னெண்டு கதைக்கிறது?"

இலக்கணம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். இலக்கணம் வேண்டும் என்று கேட்டு வந்த மாணவர் அவர் ஒருவர்தான்.

அன்று இடைவேளையில் காப்பி குடித்துக்கொண்டே, அவர் பேசப்போகிற ஆள் யார் என்று கேட்டேன். "என்ர மகள்" என்றார்.

அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கணவன், மனைவி, கைக்குழந்தை மூவரும் கனடா வருவதற்காக முதலில் மலேசியா போயிருக்கிறார்கள். ஒருவரை மட்டும்தான் அனுப்ப முடியும் என்று ஏஜென்ட் சொல்லவே, முதலில் இவர் வந்து அகதியாகப் பதிந்துகொண்டிருக்கிறார். கணவர் பினாங்கில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டு மகளைப் பார்த்துக்கொண்டார். சமாதானம் நிலவிய காலம் அது. வன்னியில் தன் தகப்பனார் நோயில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, மகளைப் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியிடம் விட்டுவிட்டு, பார்த்ததும் திரும்பிவிடுவதாகச் சொல்லிக் கணவர் புறப்பட்டார். அவர் வன்னிக்குள் போன சில நாளில் வெளியே வரும் பாதையை மூடிவிட்டார்கள். மறுபடியும் சண்டை தொடங்கியது. அவர் திரும்பவே இல்லை.

அந்த மலாய்ப் பெண்மணி ஒரு தையற்காரி. தனியாக வாழ்ந்தவர். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்தார். நான் இதைக் கேட்டபோது அந்தச் சிறுமிக்கு எட்டு வயது. மலாய்தான் அவள் மொழியாகிவிட்டது. 'அம்மா', 'அப்பா' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே அவளிடம் மிஞ்சியிருந்த தமிழ்.

"ஃபோன் எடுத்தா மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும் ரீச்சர். நான் தமிழில கதைப்பன். பிள்ளைக்கு விளங்காது. கொஞ்சம் பொறுத்து வைச்சிடும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நம்பரைக் குடுங்க. நானே பேசி எல்லாத்தையும் விளக்கிச் சொல்றேன்" என்றேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். "வேண்டாம் ரீச்சர். வேற ஆக்களின்ர வாயால கேட்டா, அம்மா இன்னும் தூரத்திலதான் நிக்கிறா எண்டு நினைக்கும். நானே சொல்லவேணும்."

அதன் பிறகு நான் அவருக்குப் பாடம் நடத்திய விதமே மாறிவிட்டது. மலாயில் ஆண்பால், பெண்பால் இல்லை. இறந்தகாலம், எதிர்காலம் என்று வினைச்சொல் மாறுவதுமில்லை. ஆனால் ஒரு வேர்ச்சொல்லுக்கு முன்னும் பின்னும் சின்னச் சின்ன ஒட்டுகள் சேரும். அவை சேரச் சேரப் பொருள் இடம் மாறும். அவர் அதைத் தமிழ் வழியாகவே பிடித்துக்கொண்டார். "தட்டு உடைஞ்சது, தட்டை உடைச்சது மாதிரி, என்ன ரீச்சர்?" என்று ஒருநாள் கேட்டார். அந்தத் தமிழ்ப் பெண் பின்வரிசையிலிருந்து, "ஓ மை கோட், அன்ரி, இப்பதான் எனக்கு விளங்குது!" என்று கத்தினாள்.

வாரம் ஒரு பத்தி எழுதி வரச் சொல்வேன். வெள்ளைக்காரத் தம்பதி பினாங்கில் சாப்பிட ஆசைப்படும் பலகாரங்களைப் பற்றி எழுதுவார்கள். இவரோ தன் வேலையைப் பற்றியோ யுத்தத்தைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதியதில்லை. பனி முதலில் எப்படி விழும், எப்போது சத்தமில்லாமல் நின்றுபோகும் என்று எழுதினார். பஸ்ஸில் நாயை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி எழுதினார். குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு கறுப்பு அணில் டோனட்டைக் கவ்விக்கொண்டு மரமேற முயன்றதையும், அது தடுமாறியதையும் ஒரு பக்கம் எழுதினார். நான் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பேன். அடுத்த வாரம் அதையே பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வருவார். மகளுக்குக் காட்டுவதற்காக இந்த ஊரை அவர் மலாயில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குச் சில வாரம் கழித்துத்தான் உறைத்தது.

வசந்தகாலம் வந்தது. வன்னியிலிருந்து வந்த செய்திகள் நாளுக்கு நாள் மோசமாகின. இரவு முழுக்க ரொட்டித் தொழிற்சாலை. பகலில் போரை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான தமிழர்களோடு நகரத்தின் நடுவே தெருவில். அந்தக் களைப்போடும் சனிக்கிழமை வகுப்புக்கு வந்துவிடுவார். கைத்தொலைபேசியை மேசைமேல் கண்ணுக்கு எதிரே வைத்திருப்பார். கணவரிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

மே மாதம் யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. வெள்ளைக்கார அம்மாள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அன்றைய பாடத்துக்கு நான் எடுத்து வைத்திருந்த வேர்ச்சொல் 'திங்கல்'. தங்கு, இரு என்று பொருள். அதன் கிளைகளை நினைத்ததும் எடுத்த எழுதுகோலைக் கீழே வைத்தேன். "இன்னைக்கு வேற பாடம் பாப்போமா?" என்றேன்.

"இருக்கிறதை நடத்துங்கோ ரீச்சர். வீட்டில இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்."

பலகையில் எழுதத் தொடங்கினேன். 'திங்கல்கான்' என்றால் விட்டுவிட்டுப் போவது, தெரிந்தே செய்வது. 'தெர்திங்கல்' என்றால் யாரும் வேண்டுமென்று செய்யாமல் தானாக விடுபட்டுப்போவது. பஸ்ஸில் குடையை மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டால் அந்தக் குடை 'தெர்திங்கல்' என்று எல்லோருக்கும் சொல்வதைப் போலவே சொன்னேன். அதோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அவர் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மெனிங்கல் எண்டும் ஒண்டு கிடக்குது ரீச்சர்."

"அது... இறந்துபோறது" என்றேன்.

"எல்லாம் ஒரே சொல்லில இருந்துதானோ?"

"ஆமாங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அழிக்காமல் விட்டுவிட்டேன்.

ஜூனில் இரண்டு செய்திகள் வந்தன. மகளைக் கனடாவுக்கு அழைக்க விண்ணப்பித்திருந்ததற்கு அனுமதி கிடைத்துவிட்டது. யுத்தத்தில் தப்பியவர்களை வைத்திருந்த முகாமிலிருந்து ஓர் உறவினர் பேசி, கணவர் யுத்தம் முடிவதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று சொன்னார். இரண்டையும் இவர் ஒரே குரலில்தான் எனக்குச் சொன்னார். கணவரின் சாவை அந்த மலாய்ப் பெண்மணிக்கு மட்டும் என்னைச் சொல்லச் சொன்னார். நான் பினாங்குக்குப் பேசினேன். மறுமுனையில் அந்த அம்மாள் குரல் உடைந்து அழுதார். பிறகு, இதைப் பிள்ளையிடம் தான் சொல்லப்போவதில்லை என்றும், அது தாய் சொல்லவேண்டியது என்றும் சொன்னார். பாஸ்போர்ட் படம் எடுக்கக் கூப்பிட்டால் பிள்ளை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறாள் என்றும் சொன்னார். "நான் அவளைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்" என்று அவர் சொன்னதை நான் அப்படியே இவரிடம் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை போன் கார்டோடு வகுப்புக்கு வந்தார்.

"ரீச்சர், இங்க இருந்து எடுக்கட்டோ? தனிய எடுக்கப் பயமாக் கிடக்கு."

வெள்ளைக்காரத் தம்பதியும் அந்தப் பெண்ணும் வெளியே போக எழுந்தார்கள். அவர் விடவில்லை. "இருக்கச் சொல்லுங்கோ. எல்லாரும் ஒண்டாத்தானே படிச்சனாங்கள்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தோம். பினாங்கில் அப்போது பிள்ளைகள் படுக்கப்போகும் நேரம். அந்த அம்மாள் எடுத்து, ஏதோ கொஞ்சிப் பேசி, சிறுமியிடம் கொடுத்தார். மூச்சுச் சத்தம் கேட்டது.

இவர் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, நலமா, சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டார். பதில் இல்லை. அணிலின் கதையைச் சொன்னார். டோனட்டைக் கவ்விய அணில், மரம், தடுமாற்றம். ஒரு பிழைகூட இல்லை. அப்போதும் பதில் இல்லை. வைத்துவிடப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்த நேரத்தில் அந்தச் சின்னக் குரல் கேட்டது.

"கெனாப்பா அம்மா திங்கல்கான் சாயா?"

ஏன் அம்மா என்னை விட்டுவிட்டுப் போனாய்? அறையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே பலகையைப் பார்த்துத்தானே படித்தோம். தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்பட்டிருக்கவில்லை. நான் உதவலாமென்று முன்னே சாய்ந்தேன். அவர் ஒரு கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். தாளைக் குப்புறக் கவிழ்த்தார்.

"அம்மா டாக் திங்கல்கான் காமு" என்றார். அம்மா உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை.

அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். நீ விடுபட்டுப் போய்விட்டாய், யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்வார். நான் கற்பித்த பாடம் அங்கேதான் போய் நிற்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார்.

"புக்கான் காமு யாங் தெர்திங்கல். அம்மா யாங் தெர்திங்கல்."

விடுபட்டுப் போனது நீ இல்லை. விடுபட்டுப் போனது அம்மாதான்.

மறந்துபோன குடைக்கும் பைக்கும் நான் எத்தனையோ ஆண்டுகளாகப் பயன்படுத்திய சொல் அது. அவர் பிள்ளையை அந்த இடத்திலிருந்து தூக்கிவிட்டு, தன்னைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டார். வெள்ளைக்காரர் அந்த வாக்கியத்தை மனைவியின் காதில் மெதுவாகத் திரும்பச் சொன்னார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சின்னக் குரல் மறுபடி, "அப்பா?" என்றது.

அப்பாவும் என்னை விட்டுவிட்டுப் போனாரா என்றுதான் அதற்குப் பொருள். இவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா டாக் திங்கல்கான் காமு. அப்பா மெனிங்கல்."

அப்பா உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை. அப்பா இறந்துவிட்டார். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். அதன் முன்னும் பின்னும் ஒட்டுகின்ற ஓசைதான் வேறு. அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றி அவர் மகளிடம் ஒப்படைத்தார்.

சிறுமி அழத் தொடங்கினாள். அங்கே அந்த அம்மாள் அவளை அணைத்துத் தேற்றும் குரல் கேட்டது. இவர் குறுக்கிடவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்தார். பிறகு, "ஒவ்வொரு நாளும் அம்மா உன்னைத் தேடுகிறேன்" என்று சொல்ல வாயெடுத்தார். தேடு என்பதற்கு 'ச்சாரி' என்று சொல்லவேண்டும். பதற்றத்தில் 'ச்சூரி' என்று வந்துவிட்டது. அதற்குத் திருடு என்று பொருள். ஒவ்வொரு நாளும் அம்மா உன்னைத் திருடுகிறேன்!

ஆசிரியைப் புத்தி சும்மா இருக்குமா? திருத்த வாய் திறந்துவிட்டேன். அதற்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தக் குரல் வந்தது.

"ச்சாரி, அம்மா. புக்கான் ச்சூரி."

இவர் சொல்லிப் பார்த்தார். அப்போதும் சரியாக வரவில்லை. அவள் மறுபடி சொல்லிக் கொடுத்தாள். இவர் மறுபடி சொன்னார். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ மறுமுனையில் ஒரு சிரிப்புக் கேட்டது. அறைக்குள் நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். பிறகு அவள், அந்த அணில் எங்கே போனது என்று கேட்டாள். அப்படியென்றால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அணில் போன இடத்தை இவர் சொல்லச் சொல்ல, போன் கார்டு தீரும்வரை இருவரும் பேசினார்கள்.

இலையுதிர் காலத்தில் மகள் வந்தாள். மொழிபெயர்க்க வேண்டியிருக்குமோ என்று நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். விமானப் பணிப்பெண் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கழுத்தில் ஒரு பெயரட்டை. அந்தத் தையற்கார அம்மாள் தைத்துக் கொடுத்த பாஜு கூரோங், மலாய்ப் பெண்கள் உடுத்துகிற நீளச் சட்டையும் பாவாடையும், உடம்பில். இவர் தரையில் மண்டியிட்டார். அவள் தயங்கித் தயங்கி நடந்து வந்து, ஓர் அடி தள்ளி நின்று, குளிர்கிறது என்று மலாயில் சொன்னாள். இவர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, அப்படியே சேர்த்தணைத்துக்கொண்டார். என்னிடம் யாரும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

அங்கேயே நின்றபடி இவர் பினாங்குக்குப் பேசினார். எடுத்த எடுப்பில் சொன்னது ஒரே வாக்கியம்.

"அனாக் கித்தா டா சம்பாய், காக்."

பிள்ளை வந்து சேர்ந்துவிட்டாள் அக்கா என்பதுதான் அதற்குப் பொருள். ஆனால் தமிழைப் போலவே மலாயிலும் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'கித்தா', சேர்த்துக்கொள்ளாவிட்டால் 'காமி'. பெற்றவர் 'என் பிள்ளை' என்று சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 'நம் பிள்ளை' என்று சொன்னார். வளர்த்த பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு அது போய்ச் சேர்ந்தது. தொலைபேசியில் அவர் விம்மிய சத்தம் எனக்கும் கேட்டது.

இப்போது அவர்கள் டொரொன்டோவை அடுத்த அஜக்ஸ் நகரில் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். மகள் படித்து வேலைக்குப் போகிறாள். தமிழும் நன்றாகவே பேசுகிறாள். அம்மாவோடு கோபம் வந்தால் மட்டும் மலாய்தான் வருமாம். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் இருவரும் பினாங்குக்குப் பேசுகிறார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தும் வந்துவிட்டார்கள்.

நான் இன்னும் வகுப்பு நடத்துகிறேன். புதிய மாணவர்களுக்காக 'கித்தா' என்று எழுதும்போது என் கை பலகைமேல் ஒரு கணம் நின்றுவிடுகிறது; இத்தனை சின்னச் சொல்லுக்குள் ஒரு தாய் இன்னொரு தாயை உட்காரவைக்க இடம் கண்டதை நினைத்து, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.